வில்லில் மிச்சமிருந்த பிசின்

என் வீட்டுக்காரர் செத்த பிறகும் தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் தன் பிடிலில் ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். இதை யாரும் நம்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் மடித்துக் கட்டும் பிரிவில் வேலை பார்க்கிறவள் நான். பேய்க்கதை சொல்லிப் பிழைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. என் காதில் விழுந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அவர் ஜின்னிங் மில்லில் மிஷின் பழுது பார்க்கிற பிட்டர். சாயங்காலம் வந்து, குளித்து, காப்பி குடித்துவிட்டு முன்னறைக் கட்டிலில் உட்காருவார். பிடிலைத் தொடுவதற்கு முன்னால் வில்லைத்தான் எடுப்பார். வில்லில் கட்டியிருப்பது குதிரைவால் முடி. அதை வெறுமனே நரம்பில் இழுத்தால் சத்தமே வராது, வழுக்கிக்கொண்டு போகும். ரோசின் என்கிற பிசின் கட்டியில் தேய்த்தால்தான் முடி நரம்பைப் பிடிக்கும். அவர் மேலும் கீழுமாகத் தேய்ப்பார். பிறகு தடித்த நரம்பில் நீளமாக ஒரு இழுப்பு. அது பாட்டு அல்ல. வில் பிடிக்கிறதா என்று பார்ப்பதற்கு. கன்றைத் தேடும் எருமை மாதிரி அடித்தொண்டையிலிருந்து வரும். நான் அடுக்களையிலிருந்து, “ஆரம்பிச்சாச்சா கச்சேரி?” என்பேன். “இன்னும் இல்லட்டி. நீ வீட்டுல இருக்கியான்னு பாத்தேன்” என்பார். கல்யாணமான நாளிலிருந்து இதே கேள்வி, இதே பதில். சலிக்கவே சலிக்காது அந்த மனுஷனுக்கு.

ரோசினை நான் முதலில் பார்த்தது பிடிலில் அல்ல, பெல்ட்டில். ஸ்ரீவில்லிபுத்தூரில் என் மாமா ரைஸ்மில் வைத்திருந்தார். மோட்டாரிலிருந்து மிஷினுக்குப் போகும் தட்டைத் தோல் பெல்ட் ஒருநாள் வழுக்கிக்கொண்டு, தெருவே காதைப் பொத்துகிற மாதிரி கத்தியது. ராஜபாளையத்திலிருந்து ஒரு பிட்டரை வரவழைத்தார்கள். ஒல்லியாக ஒரு ஆள் வந்து, பையிலிருந்து பழுப்புக் கட்டி ஒன்றை எடுத்து, ஓடுகிற பெல்ட்டின் உட்பக்கத்தில் லேசாகக் காட்டினார். கத்தல் நின்றுவிட்டது. நெல் மூட்டைப் பக்கத்தில் நின்ற நான், “அது என்ன மருந்து?” என்றேன். “வழுக்குறதப் பிடிக்க வைக்கிற மருந்து” என்றார், என்னையே பார்த்துக்கொண்டு. திமிர் பிடித்த ஆள் என்று நினைத்தேன். அப்புறம் அந்தத் திமிரையே கட்டிக்கொண்டேன்.

அவர் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர். நாங்கள் ஆண்டாள் கோவில் தேர்வடம் பிடிக்கிற குடும்பம். வீட்டில் என்னைத் தலைமுழுகினார்கள். என் அக்கா மட்டும் முழுகவில்லை. பால்கோவா அடுப்படியில் பால் கிண்டிக் கிண்டி உள்ளங்கை மரத்துப்போனவள் அவள். மாசத்துக்கு ஒருதரம் ஒரு பொட்டலம் பால்கோவாவை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிடுவாள். “ஒஞ்சாமி வேற, எஞ்சாமி வேற. வயிறு ஒண்ணுதானட்டி” என்பாள். அவளுக்கும் எனக்கும் ஒருநாளும் பேச்சு ஒத்துப்போனதில்லை. ஆனாலும் அவள் வராத மாசம் எனக்குச் சோறு இறங்காது.

அந்தப் பிடில் அவருடைய தாத்தாவுக்கும் முந்தியது. சர்ச்சில் ஆர்மோனியம் வருவதற்கு முன்பே அதை வைத்துத்தான் கீர்த்தனை பாடினார்களாம். அதற்கு இந்தக் காலத்துக் கம்பி போட அவர் சம்மதிக்கவே இல்லை. ஆட்டுக்குடலில் முறுக்கிய நரம்புதான் போடுவார். “இது பழைய கட்டை. கம்பி போட்டா கத்தும், பேசாது” என்பார். கடையில் விற்கிற ரோசினும் ஆகாது. நரம்புக்கு அது வறட்சி என்பார். அதனால் தானே காய்ச்சிக்கொள்வார். பெல்ட்டுக்கு வாங்குகிற பைன் மரப் பிசின், நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய கருங்குங்கிலியம் கொஞ்சம், நகக்கண் அளவு தேன்மெழுகு. அலுமினியச் சட்டியில் சிறு தீயில் உருக்கி, நான் கம்பெனியிலிருந்து கொண்டுவரும் கழிவு பேண்டேஜ் துணியில் வடிகட்டி, கொட்டாங்கச்சியில் ஊற்றி ஆறவைப்பார். மறுநாள் தட்டினால் அரைத் தேங்காய் மாதிரி கழன்று விழும்.

அது காய்கிற வாடை இருக்கிறதே, புதுப் பலகையும் தேன்கூடும் சாமி அறைப் புகையும் ஒன்றாகச் சேர்ந்த மாதிரி இருக்கும். அவர் சட்டையில், தலையணையில், கைவிரலில் எல்லாம் அதுதான். “இது வீடா, ரோட்டுக்குத் தார் காச்சுற எடமா?” என்று கத்துவேன். வாசித்து முடித்தால் பிடிலின் மேலும் தரையிலும் வெள்ளைப் பொடி சிந்திக் கிடக்கும். அதைத் துடைப்பது என் தலையெழுத்து. துடைத்துக்கொண்டே திட்டுவேன். அவர் அடுத்த பாட்டை ஆரம்பித்துவிடுவார்.

வெயில் காலத்தில் எங்கள் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அந்தக் கட்டி இளகிப் பிசுபிசுத்துவிடும். அதனால் அதைப் பிடில் பெட்டியில் வைக்க மாட்டார். அடுக்களையில் தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஈரமணல் கொட்டியிருப்போம். அந்த மணலில் ஒரு காப்பித்தூள் டப்பாவைப் பாதி புதைத்து, அதற்குள் கட்டியைப் போட்டு வைப்பார். வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான்.

கடைசி நாள் சாயங்காலம் அவர் அந்த டப்பாவைத் திறக்கவில்லை. உடம்பு அசதியாக இருக்கிறது என்றார். “நேத்துத் தேச்சதே கொஞ்சம் இருக்கு. நாளைக்குத் தேச்சுக்கிடுவோம்” என்று ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வில்லை ஆணியில் மாட்டினார். விடியும்போது நெஞ்சைப் பிடித்தார். ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போதே எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கம் ஆகி, வந்த சனமெல்லாம் கிளம்பிப்போன அன்று நான் அடுக்களையில் பாத்திரம் ஒதுங்க வைத்துக்கொண்டிருந்தேன். முன்னறையில் அந்த இழுப்பு கேட்டது. பழக்கத்தில், “ஆரம்பிச்சாச்சா கச்சேரி?” என்று கேட்டும்விட்டேன். கேட்ட பிறகுதான் உடம்பெல்லாம் சில்லிட்டது. பதில் வரவில்லை. போய்ப் பார்த்தேன். கட்டில் வெறுமனே கிடந்தது. பிடில் பெட்டி மூடியிருந்தது. வில் ஆணியில் தொங்கியது.

முதலில் பயந்தேன், பொய் சொல்வானேன். கதவைத் திறந்துபோட்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். ஆனால் மறுநாளும் கேட்டது, அதற்கு மறுநாளும் கேட்டது. ஒரே ஒரு இழுப்பு, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. பயம் போய்விட்டது, அதற்குப் பதிலாக ஒரு ஏக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. பாட்டு வரவே வராதது என்னால் தாங்க முடியவில்லை. அந்த நேரத்துக்கு இரண்டு டம்ளரில் காப்பி ஆற்றி, ஒன்றைக் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டுக் காத்திருப்பேன். “இருக்கேன், வீட்டுலதான் இருக்கேன்” என்று சத்தமாகவே சொல்லுவேன்.

நான் தேய்ந்துபோவதைக் கேள்விப்பட்டு அக்கா துணிப்பையோடு வந்து என்னோடேயே தங்கிவிட்டாள். வந்த அன்றைக்கே அந்த இரண்டாவது டம்ளரைப் பார்த்துவிட்டாள்.

“யாருக்குட்டி இது?”

“செத்த நேரம் பேசாம இரு. இப்பக் கேக்கும்.”

கேட்டது. எனக்குக் காதுக்குள்ளேயே இழுத்த மாதிரி இருந்தது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே, “எனக்கு ஒண்ணும் கேக்கல” என்றாள்.

“காது செவிடா ஒனக்கு?”

“பக்கத்து வீட்டு நாய் ஊளையிடுது. அதப் போயி அவிய வாசிக்காவன்னு சொல்லிக்கிட்டுத் திரியாத. ஊரு சிரிக்கும்.”

பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரம்மா வளர்க்கும் வெள்ளை நாய் அது. அவர் வாசிக்கும்போதெல்லாம் எங்கள் வாசல் கேட் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்ளும். இப்போதும் அந்த நேரத்துக்கு வந்து படுத்துக்கொள்கிறது. ஆனால் ஊளையிட்டு நான் கேட்டதில்லை. அதைச் சொன்னால் அக்கா, “அப்பத் தறிச் சத்தமா இருக்கும்” என்பாள். அதுவும் இல்லையென்றால் கதவுக் கீல் என்பாள். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு காரணம் வைத்திருந்தாள்.

எங்களுக்கு ஒரே மகள். மதுரையில் டீச்சர். அவளுக்கும் வாசிக்கத் தெரியும். வருச நினைவு ஆராதனையில் அப்பாவுடைய பிடிலிலேயே அவர் விரும்பி வாசிக்கும் கீர்த்தனையை வாசிக்கிறேன் என்றாள். முன்பு ஒருதரம் தன்னுடைய வில்லையும் கடை ரோசினையும் வைத்து அதில் வாசித்துப் பார்த்தாள். தொண்டை கட்டின ஆள் பேசுகிற மாதிரி இருந்தது. “அப்பா கட்டியத் தேச்சாத்தாம்மா இது வாயத் திறக்கும்” என்றாள். காய்ச்சுகிற பக்குவம் அவர் கைக்கு மட்டும்தான் தெரியும், இருந்தது ஒரே ஒரு கட்டி. அதன் நடுவில் அவர் வில் போய்ப் போய் விழுந்த பள்ளம் இருந்தது. அந்தக் கட்டி இருந்தால்தான் அந்தக் குரல். ஒரே ஒருதரம், இழுப்போடு நிற்காமல், முழுப் பாட்டாக அதைக் கேட்டுவிட வேண்டும். அதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை.

நரம்பு இரண்டு அறுந்திருந்ததால் பிடிலை மட்டும் மகள் மதுரைக்குக் கொண்டுபோனாள். வில்லையும் கட்டியையும் நான் கொடுக்கவில்லை. சித்திரை வெயில், பஸ்ஸில் உருகிப்போகும் என்று சாக்குச் சொன்னேன். கட்டி பானையடி மணலிலேயே இருந்தது. பிடில் வீட்டிலேயே இல்லாத அந்த நாட்களிலும் சாயங்காலம் இழுப்பு கேட்டது. அன்றைக்கு அக்காவிடம், “இப்ப என்ன சொல்லுத? பிடிலே இல்லையே” என்றேன். அக்கா எழுந்துபோய் முகம் கழுவி, நெற்றியில் திருமண் இட்டுக்கொண்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது.

ஆராதனைக்கு முந்தின வெள்ளிக்கிழமை கம்பெனியில் கரண்ட் இல்லை என்று சீக்கிரமே விட்டுவிட்டார்கள். தெருமுனையில் திரும்பும்போதே எனக்கு அந்த வாடை வந்தது. பலகை, தேன்கூடு, புகை. ஒரு கணம் எனக்கு எல்லாம் மறந்துபோய்விட்டது. அவர் வீட்டில் இருக்கிறார், ரோசின் காய்ச்சிக்கொண்டிருக்கிறார் என்றே நினைத்தேன். சிரித்துக்கொண்டே ஓடினேன். இந்த வயதில், தெருவில், முந்தானை பறக்க ஓடினேன். அந்த ஒரு தெரு நீளம் நான் அனுபவித்த சந்தோஷத்தைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

வீடு முழுக்கப் புகை. நடுவில் அக்கா தூபக்காலைக் கையில் பிடித்து ஒவ்வொரு மூலையாகக் காட்டிக்கொண்டு வந்தாள். கட்டிலுக்கு அடியில் காட்டினாள். வில் தொங்கும் ஆணிக்குக் காட்டினாள். எங்கள் பக்கத்தில் வீட்டில் ஏதாவது நடமாட்டம் இருக்கிறது என்று தோன்றினால் வெள்ளிக்கிழமை வெண்கடுகையும் குங்கிலியத்தையும் இடித்துத் தணலில் போட்டு மூலைக்கு மூலை புகை காட்டுவார்கள். அண்டாது, போய்விடும் என்பது நம்பிக்கை. வெண்கடுகை அவள் ஊரிலிருந்தே முடிந்துகொண்டு வந்திருக்கிறாள். குங்கிலியத்துக்கு எங்கும் போகவில்லை. அடுக்களையில் அம்மிமேல் காப்பித்தூள் டப்பா திறந்து கிடந்தது. டப்பாவில் ஒரு பொட்டு இல்லை. அம்மிக் குழவியில் பழுப்புப் பொடி ஒட்டியிருந்தது.

அவரை விரட்ட அவரையே போட்டு எரித்திருக்கிறாள்.

“அது குங்கிலியம் இல்லக்கா” என்றேன்.

“குங்கிலிய வாசம்தானட்டி அடிச்சுது. பான அடியில பத்திரமா வச்சிருந்தியே, நல்ல சரக்குன்னு...” என்று ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள். பிறகு அவளே டப்பாவைப் பார்த்தாள், வில்லைப் பார்த்தாள். தூபக்காலைத் தரையில் வைத்துவிட்டாள்.

என் வாய் சும்மா இருக்குமா. “நாங்க மண்ணுல வச்ச மனுசனுக்கு நீ கொள்ளி வச்சிட்ட” என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவள் புருஷன் செத்ததை இழுத்தேன், அவள் வீட்டுக் கதையெல்லாம் இழுத்தேன். அவள் பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்று தனக்குத்தானே முணுமுணுத்தாள். துணிப்பையைக் கட்டி எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போய் உட்கார்ந்தாள். ஆனால் பஸ்ஸுக்குப் போகவில்லை.

இருட்டிக்கொண்டு வந்தது. புகை இன்னும் கூரைக்குக் கீழே நின்றது. அந்த இழுப்பு கேட்டது. என்றைக்கும் விடக் கிட்டத்தில், என் தோளுக்குப் பின்னாலிருந்து கேட்டது.

“வெரட்டினியே, போயிட்டாவளா?” என்றேன் அக்காவிடம்.

அவள் பையின் காதை இறுக்கிப் பிடித்திருந்தாள். “எனக்கு ஒண்ணும் கேக்கல” என்றாள்.

சனிக்கிழமை மகள் புது நரம்பு கட்டிய பிடிலோடு வந்தாள். நடந்ததைச் சொன்னோம். அவள் பெரியம்மாவைத் திட்டவில்லை. ஆணியிலிருந்து வில்லை எடுத்து, முடியின் ஓரத்தை நகத்தால் சுரண்டி, முகர்ந்து பார்த்தாள்.

“அம்மா, அப்பா தேச்சது இதுல கொஞ்சம் மிச்சமிருக்கு. ஒரு பாட்டுக்கு வந்தா வரும், அதுக்கு மேல வராது. கடை ரோசினத் தேச்சா எம்புட்டு நேரம் வேணாலும் வாசிக்கலாம், ஆனா அப்பாவுது அதுக்கு அடியில போயிரும். நீங்களே சொல்லுங்க. வாசிக்கவா, இப்படியே வச்சிருவமா?”

சாயங்காலம் வருகிற இழுப்பு அந்த வில்லில் இருக்கிற பிசினிலிருந்துதான் வருகிறது என்று எனக்குள் ஒரு எண்ணம் விழுந்துவிட்டது. அது தீர்ந்தால் அவரும் தீர்ந்துவிடுவார். ஆணியில் அப்படியே தொங்கவிட்டால் நான் சாகிறவரைக்கும் தினம் ஒரு இழுப்பு எனக்கு இருக்கும். நினைக்க நினைக்க வில்லை மகள் கையிலிருந்து பிடுங்கிவிடத் தோன்றியது.

அப்புறம் அவரை நினைத்தேன். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். வருசம் ஒன்றாக அந்த மனுஷன் வில் பிடிக்கிறதா, பிடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். பாட்டுக்குள் போக முடியவில்லை. அவரை அப்படி உட்கார வைத்திருப்பது நான்தானோ என்று பட்டது.

“வாசி” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் எங்களோடு சர்ச்சுக்கு வந்தாள். நெற்றியில் திருமண்ணோடு கடைசி பெஞ்சில், செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். நான் போய் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அதற்குள் எங்களுக்குள் பேச்சு வார்த்தை வந்துவிடவில்லை. பக்கத்தில் மட்டும் உட்கார்ந்தேன்.

மகள் முதல் இழுப்பு இழுத்தாள். அதே சத்தம். அடித்தொண்டையிலிருந்து வந்த அதே குரல். என் உதடு தானாக, “ஆரம்பிச்சாச்சா?” என்று அசைந்தது. இந்தத் தடவை ஆரம்பித்தே விட்டது. இழுப்பு நிற்காமல் பாட்டுக்குள் போனது. சபை எழுந்து பாடியது. அவர் எங்கே மூச்சு விடுவாரோ அங்கே அது மூச்சு விட்டது. முதல் சரணம் முழுக்க அவர் இருந்தார். இரண்டாவது சரணத்திலும் இருந்தார். மூன்றாவதில் சத்தம் மெலிய ஆரம்பித்தது. மகள் வில்லை அழுத்தினாள். கொஞ்சம் வந்தது, பிறகு காற்று மாதிரி ஆனது. கடைசிச் சரணத்தில் அவள் கை போய் வந்துகொண்டிருந்தது, வில் நரம்பின் மேல் போய் வந்துகொண்டிருந்தது, சத்தம் இல்லை. சனம் சத்தமாகப் பாடியதில் யாருக்கும் தெரியவில்லை. மகள் நிறுத்தவில்லை. கண்ணில் நீர் வழிய, பாட்டு முடியும்வரை சத்தமில்லாத வில்லை இழுத்துக்கொண்டே இருந்தாள். அக்கா என் கையைப் பிடித்தாள். மரத்துப்போன அந்தக் கை கொதித்தது.

மகள் மத்தியானமே மதுரைக்குப் பஸ் ஏறிவிட்டாள். வில் மறுபடி ஆணிக்கு வந்துவிட்டது. சாயங்காலம் எனக்கு எழுந்து அடுப்பைப் பற்றவைக்கக்கூட மனசில்லை. முன்னறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அக்காதான் போய்க் காப்பி போட்டாள். வந்தவள் கையில் மூன்று டம்ளர் இருந்தது. ஒன்றை எனக்குக் கொடுத்தாள். ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டாள். மூன்றாவதைக் கட்டில் பக்கத்தில், நான் வழக்கமாக வைக்கிற இடத்திலேயே வைத்தாள்.

தெருவிளக்கு எரிந்தது. பக்கத்து வீட்டு வெள்ளை நாய் கேட் பக்கத்தில் வந்து படுத்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து போனது. அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள்.

“ஏட்டி” என்றாள், கட்டிலைப் பார்த்துக்கொண்டே. “வெளக்கு வச்சு எம்புட்டு நேரமாச்சு. அவிய இன்னும் இழுக்கலையே.”

முதல் நாளிலிருந்தே அவளுக்கும் கேட்டிருக்கிறது. சொன்னால் நான் அவர் பின்னாலேயே போய்விடுவேன் என்று பயந்து, இத்தனை நாளும் நாயையும் தறியையும் கதவையும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் தோளில் சாய்ந்துகொண்டேன். மூன்றாவது டம்ளரில் ஆடை படிந்த பிறகும் இருவரும் காத்திருந்தோம்.